மாமாவோட டிஆர்எஸ்-80ல ஜிபிஎஸ் மாட்டின கதை

எங்க மாமா கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தவர். 1984ல ஹூஸ்டன்ல கப்பல் நின்னப்போ கரைக்கு இறங்கிப் போயி ரேடியோ ஷாக் கடைல டிஆர்எஸ்-80 மாடல் 100ன்னு மடில வச்சு தட்டுற ஒரு கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்துருக்கார். 1983ல அது வந்த புதுசுல 8கே மெமரி உள்ளதுக்கே 1099 டாலர் விலை, அந்தக் காசுக்கு ஒரு மனை வாங்கிப் போட்டுருக்கலாம்னு அத்தை இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. கப்பல் வேலைய விட்டு வந்து மதுரை எல்லீஸ் நகர்ல செட்டிலானப்புறம் அது ட்ரங்க் பெட்டிக்குள்ள போயிருச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தி பெட்டிய ஒழிக்கிறேன்னு அத்தை கிளம்பினப்போ மாமா எனக்கு போன் பண்ணி "மாப்ள, இத நீ எடுத்துட்டுப் போறியா, இல்ல காயலான் கடைக்குப் போகட்டுமா"ன்னு கேட்டார். அன்னைக்கு சாயங்காலமே போயி தூக்கிட்டு வந்துட்டேன்.

பாக்காதவங்களுக்காக: ஒரு தடிமனான லாங் சைஸ் நோட்டு மாதிரி இருக்கும், மூடி கிடையாது, மேல பாதி ஸ்கிரீன் கீழ பாதி கீபோர்டு. ஸ்கிரீன்ல 8 வரி, வரிக்கு 40 எழுத்து, அவ்வளவுதான். பிராசசர் 2.4 மெகாஹெர்ட்ஸ் 80சி85, நாலு பென்சில் செல் போட்டா இருபது மணி நேரம் ஓடும். ஆன் பண்ண அடுத்த செகண்டு மெனு வந்து நிக்கும், பூட்டாகுற வேலையே இல்ல. கீபோர்டு இருக்கே, இப்ப நான் டைப் அடிக்கிற லேப்டாப்பெல்லாம் அதுகிட்ட பிச்சை வாங்கணும்.

முதல்ல உசுரு குடுக்குற வேலை. செல் வைக்கிற எடத்துல பழைய செல் கசிஞ்சு பச்சையும் வெள்ளையுமா பூத்துப்போயி இருந்துச்சு, வினிகர்ல பஞ்சு முக்கித் தொடைச்சு அப்புறம் ஸ்பிரிட் வச்சுத் தொடைச்சேன். உள்ள மெமரிய காப்பாத்துறதுக்குன்னு போர்டுலயே சால்டர் பண்ண ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும், இந்த வயசுல அது கண்டிப்பா கசிஞ்சிருக்கும், பவர் போடுறதுக்கு முந்தியே அத வெட்டி எடுத்துருங்க. பவர் சப்ளை பக்கம் இருக்குற எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டரும் ஒழுகியிருந்துச்சு, நான் ஃபேக்டரில மெயின்டனன்ஸ் பாக்குறவன்றதால அத நானே மாத்திட்டேன். இன்னொன்னு ரொம்ப முக்கியம், இதோட அடாப்டர் 6 வோல்ட், ஆனா நடுவுல இருக்குறது நெகட்டிவ், வெளிய தான் பாசிட்டிவ். வீட்டுல கிடக்குற ஏதோ ஒரு அடாப்டர் பொருந்துதேன்னு சொருகிறாதீங்க, மீட்டர் வச்சுப் பாத்துட்டு சொருகுங்க. நான் கைல எடுத்துட்டு சொருகப் போன கடைசி நிமிசத்துல தான் மிசின் மேலயே போட்டுருந்த படத்தப் பாத்தேன். அன்னைலருந்து செல்லுல மட்டும்தான் ஓட்டுறேன், வம்பே வேணாம்னு.

சரி இதுல என்ன பண்றதுன்னு யோசிக்கும்போது தான் வெளிக் கருவிங்கள ஒயர்ல மாட்டுறதுக்குப் பின்னாடி இருக்குற ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் கண்ணுல பட்டுச்சு. மாமா கப்பல்ல இருந்தவர், ஜிபிஎஸ் ரிசீவர் எல்லாம் பேசுற என்எம்இஏ 0183ன்ற பாஷையே கப்பல் கருவிங்க ஒன்னோடொன்னு பேசிக்கிறதுக்காக 1983ல வந்தது தான், இந்த மிசினும் 1983. அதே வருசம் செப்டம்பர்ல தான் கொரியன் விமானத்த சோவியத் சுட்டு வீழ்த்தினதுக்கு அப்புறம் ஜிபிஎஸ்ஸ பொதுஜனத்துக்கும் தருவோம்னு அமெரிக்கா அறிவிச்சுச்சு. மூணுமே ஒரே செட்டு, ஒரே வகுப்புல படிச்சவங்க மாதிரி, அப்ப பேசிக்காம எங்க போயிரப் போகுதுன்னு ஒரு தைரியம். ரெண்டும் சரியாத்தான் பேசுச்சு, நடுவுல நின்னு கெடுத்ததெல்லாம் நான் தான்.

ஆன்லைன்ல நியோ-6எம்னு கிடைக்கிற குட்டி ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்னு வாங்குனேன், முந்நூத்தம்பது ரூவா சொச்சம். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு போர்டு, ஒயர்ல தொங்குற சந்தன நெறத்துல சதுரமா ஒரு ஆன்டெனா. நாலே காலு: பவர், கிரவுண்டு, அனுப்புற டிஎக்ஸ், வாங்குற ஆர்எக்ஸ். இதுல டிஎக்ஸ எடுத்து கம்ப்யூட்டரோட ஆர்எக்ஸ்ல குடுத்தா முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போயி 25 பின் டி கனெக்டர் கேட்டா கடைக்காரத் தம்பி என்னை ஏற எறங்கப் பாத்தான். கடைசில வீட்டுலயே ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கேபிள் கிடந்துச்சு, அதோட ஒரு முனைல 25 பின் ஆண் கனெக்டர் அச்சா இருக்கு, மாடல் 100ல பெண் கனெக்டர், சரியா உக்காந்துச்சு. அந்தப் பிரிண்டர் கேபிள நடுவுல வெட்டி, மீட்டர்ல பீப் சத்தம் வச்சு எந்த பின்னுக்கு எந்தக் கலர் ஒயர்னு ஒவ்வொன்னா பாத்து எழுதி வச்சுக்கிட்டேன். இது நல்ல வழி, ஆனா கேபிளுக்குக் கேபிள் கலர் மாறும், இன்னொருத்தர் எழுதி வச்சத நம்பாதீங்க.

நமக்கு வேண்டியது மூணு பின்னு தான், 2 அனுப்புறது, 3 வாங்குறது, 7 கிரவுண்டு. மாட்யூலோட டிஎக்ஸ நேரா 3க்கும், ஆர்எக்ஸ நேரா 2க்கும் குடுத்து ஆன் பண்ணேன். ஸ்கிரீன்ல ஏதேதோ கிறுக்கல் எழுத்து ஓடுச்சு, வந்துருச்சுன்னு சந்தோசப்பட்டேன், ரெண்டு நிமிசத்துல அதுவும் நின்னு போச்சு. மாட்யூல் காலி. மேட்டர் என்னன்னா மாட்யூல் பேசுறது டிடிஎல் லெவல், அதாவது சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட், சிக்னல்னா 0. ஆர்எஸ்-232ல எல்லாம் தலைகீழு, சும்மா இருக்கும்போது மைனஸ் வோல்ட்டேஜ், சிக்னல்னா பிளஸ். அதனால அது சொன்னது எல்லாம் இதுக்கு உல்டாவா தெரிஞ்சுருக்கு, அதுதான் அந்தக் கிறுக்கல், பதிலுக்கு இது போட்ட மைனஸ் வோல்ட் அந்தக் குட்டி சிப்ப கொன்னுருச்சு. ஃபேக்டரில அத்தனை பேனலுக்கு ஒயரிங் பண்றவன், இதக்கூட யோசிக்கல பாருங்க. முந்நூத்தம்பது ரூவா போச்சேன்னு இல்ல, அடுத்தது வர நாலு நாள் காத்திருக்கணுமேன்னு தான் வயித்தெரிச்சல்.

ரெண்டாவது தடவை மேக்ஸ்3232 போட்ட கன்வெர்ட்டர் போர்டு ஒன்னும் சேத்து வாங்குனேன், அது இந்த ரெண்டு பாஷைக்கும் நடுவுல மொழிபெயர்ப்பாளர் மாதிரி. அதுல 9 பின் கனெக்டர் தான் இருக்கும். இங்க தான் அடுத்த கூத்து. 25 பின்னுல 2 அனுப்புறது 3 வாங்குறது, 9 பின்னுல கம்ப்யூட்டர் பக்கத்துக்கு 2 வாங்குறது 3 அனுப்புறது, கிரவுண்டு அங்க 7 இங்க 5. நான் 2க்கு 2, 3க்கு 3ன்னு ஒழுங்குப் பையனா சால்டர் பண்ணி வச்சுட்டு ஸ்கிரீன மொறச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்துருந்தேன், ஒரு எழுத்துகூட வரல. 9 பின் போர்டோட 2, 25 பின்னோட 3க்குப் போகணும், அதோட 3 இதோட 2க்கு, 5 போயி 7க்கு. இதுல சந்தேகமா இருந்தா ஒரு சுலபமான வழி இருக்கு: கம்ப்யூட்டர ஆன் பண்ணி போர்ட்ட ஓப்பன் பண்ணி வச்சுட்டு, கிரவுண்டுல மீட்டரோட கருப்பு ஒயர வச்சு 2லயும் 3லயும் வோல்ட்டேஜ் பாருங்க. எதுல மைனஸ் வோல்ட் நிலையா நிக்குதோ அது கம்ப்யூட்டர் அனுப்புற கால். கன்வெர்ட்டர் போர்டுலயும் அதே மாதிரி பாருங்க. அனுப்புறதையும் அனுப்புறதையும் சேக்கக்கூடாது, அவ்வளவுதான் விசயம்.

பவருக்கு போன் சார்ஜ் பண்ற பவர் பேங்க் வச்சேன். அரை நிமிசம் வேலை செய்யும், அப்புறம் எல்லாம் அமைதி. மறுபடி பட்டன் அமுக்குனா மறுபடி அரை நிமிசம். சால்டர் விட்டுருச்சோன்னு ஒரு நாள் பூராம் ஒவ்வொரு ஜாயின்ட்டா சூடு காட்டிக்கிட்டு இருந்தேன். கடைசில பாத்தா மாட்யூலும் கன்வெர்ட்டரும் சேந்து இழுக்குற கரண்ட் ரொம்பக் கம்மி, ஐம்பது மில்லி ஆம்பியர் சுத்தி தான், பவர் பேங்க் என்ன பண்ணுதுன்னா எவனும் சார்ஜ் போடல போலன்னு நெனச்சு தூங்கப் போயிருது. மூணு பென்சில் செல் போட்ட ஒரு டப்பா, நாலரை வோல்ட், பிரச்சனை முடிஞ்சது. மாட்யூல் போர்டுலயே ரெகுலேட்டர் இருக்கு, மேக்ஸ்3232வும் 3லருந்து 5.5 வோல்ட் வரைக்கும் தாங்கும், அதனால ரெண்டுக்கும் அதே டப்பா போதும்.

இப்ப மொட்டை மாடிக்குப் போனேன். மாடல் 100ல ப்ரோகிராம் எழுதுறதுக்கு முந்தி டெல்காம்ல பாத்துருங்க, மெனுவுலயே இருக்கும், மாமா காலத்துல போன் லைன்ல மோடம் வச்சுப் பேசுறதுக்காகக் குடுத்தது. அதுல எஃப்3 ஸ்டாட்னு அமுக்கி 88என்1டின்னு குடுக்கணும். முதல் 8ன்னா 9600 பாட், இந்த மாட்யூல் பொறந்ததுலருந்து பேசுற வேகம் அது தான், அடுத்த 8 எட்டு பிட்டு, என்னுன்னா பாரிட்டின்ற பிழை பாக்குற பிட்டு இல்ல, 1 ஒரு ஸ்டாப் பிட்டு, டின்னா நில்லு-தொடருன்னு சொல்லிக்கிற எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப் வேணாம். அப்புறம் எஃப்4 டெர்ம். அமுக்குன உடனே ஸ்கிரீன் பூராம் டாலர் ஜிபிஜிஜிஏ, டாலர் ஜிபிஆர்எம்சின்னு ஒவ்வொரு வகை வரியா கமா கமாவா கொட்டுது. நாற்பது வருச மிசின்ல மேல சுத்துற சாட்டிலைட் பேசுறத பாத்தப்போ உள்ள ஏதோ பண்ணுச்சு, கீழ எறங்கி ஓடிப் போயி வீட்டம்மாவ கூட்டிட்டு வந்து காட்டுனேன், "இதத்தான் போன்லயே பாக்கலாமே"ன்னு சொல்லிட்டு காயப்போட்ட துணிய எடுத்துக்கிட்டு போயிட்டா.

ஆனா கமாவுக்கு நடுவுல ஒன்னுமே இல்ல, வெறும் கமா. ஆர்எம்சி வரில "ஏ"ன்ற எழுத்து வந்தா எடம் தெரிஞ்சுருச்சுன்னு அர்த்தம், "வி"ன்னு வந்தா இன்னும் இல்ல. எனக்கு இருபது நிமிசமா வி தான். அப்புறம் பாத்தா சந்தனக் கலர் ஆன்டெனாவ கவுத்துப் போட்டு வச்சுருக்கேன், அந்த சதுர பீங்கான் மூஞ்சி வானத்தப் பாக்கணும். திருப்பி வச்சு கொஞ்ச நேரத்துல போர்டுல ஒரு குட்டி லைட்டு செகண்டுக்கு ஒரு தடவை கண் சிமிட்ட ஆரம்பிச்சது, ஸ்கிரீன்லயும் வி போயி ஏ வந்துருச்சு.

இதுக்கு மேல மிசின்லயே இருக்குற பேசிக்ன்ற பாஷைல ப்ரோகிராம். இந்த பேசிக் மைக்ரோசாஃப்ட் எழுதுனது, பில் கேட்ஸே கை வச்சு கோடு எழுதுன கடைசி சில மிசின்ல இது ஒன்னு. சீரியல் போர்ட்ட காம்ன்ற பேர்ல ஃபைல் மாதிரியே ஓப்பன் பண்ணலாம், லைன் இன்புட் போட்டு ஒரு வரியா படிக்கலாம். வெறும் இன்புட் போட்டுறாதீங்க, அது கமா வந்த எடத்துலயெல்லாம் வெட்டிரும், நம்ம சரக்குல கமா தான் ஜாஸ்தி.

எழுதி ஓட்டுனா வரி எல்லாம் ஒன்னுக்குள்ள ஒன்னு போயி, பாதி ஜிஎஸ்வி பாதி ஆர்எம்சின்னு ஒட்டுப்போட்ட துணி மாதிரி வருது. காரணம் இந்த மிசின்ல சீரியல் போர்ட்டுக்கு வர்ற எழுத்த வாங்கி வைக்கிற பஃபர் 64 பைட் தான். ஒரு என்எம்இஏ வரியே 82 எழுத்து வரைக்கும் போகலாம், மாட்யூல் ஒவ்வொரு செகண்டும் ஏழெட்டு வரிய மூச்சு விடாம கொட்டுது, நம்ம பேசிக் ஒரு வரிய அறுத்துப் பாத்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த மூணு வரி வந்து வழிஞ்சு போயிருது. ஜிபிஎஸ்கிட்ட கொஞ்சம் நில்லுன்னு சொல்ற பழக்கமே கிடையாது, அது சொல்லிக்கிட்டே போகும். அதனால மிசின வேகமாக்குறது நடக்காது, மாட்யூலோட வாயத்தான் கட்டணும்.

அதுக்கு பப்எக்ஸ்னு ஆரம்பிக்கிற கட்டளை இருக்கு. டாலர் பப்எக்ஸ் கமா 40 கமா ஜிஎஸ்வி, அதுக்கப்புறம் ஒவ்வொன்னுக்கும் முன்னாடி கமா போட்டு நாலு சைபர், ஸ்டார் 59. இப்படி அனுப்புனா ஜிஎஸ்வி வரி நின்னுரும். இதே மாதிரி ஜிஎல்எல்லுக்கு கடைசில 5சி, ஜிஎஸ்ஏவுக்கு 4இ, விடிஜிக்கு 5இ, ஜிஜிஏவுக்கு 5ஏ. ஸ்டாருக்கு அப்புறம் வர்றது செக்சம், டாலருக்கும் ஸ்டாருக்கும் நடுவுல இருக்குற எழுத்தயெல்லாம் எக்ஸ்ஆர்ன்ற பிட்டு கணக்குப் போட்டு வர்ற நம்பர், அது தப்பா இருந்தா மாட்யூல் கண்டுக்காது. ஆர்எம்சி மட்டும் மிச்சம் வச்சா போதும், நேரம், எடம், வேகம், தேதி எல்லாம் அதுலயே இருக்கு. கூடவே வேகத்த 4800க்கு எறக்குனேன், அது பப்எக்ஸ் 41, 1, 0007, 0003, 4800, 0, ஸ்டார் 13. இப்ப செகண்டுக்கு ஒரு வரி, எழுபது எழுத்து சுமார், 4800ல அது வந்து முடிய ஏழுல ஒரு பங்கு செகண்டு, மிச்ச நேரம் பூராம் பேசிக் நிதானமா யோசிக்கலாம்.

இத லேப்டாப்ல வச்சு செட் பண்ணிட்டு நிம்மதியா இருந்தேன், ஒரு வாரம் தொடாம விட்டு எடுத்தா மறுபடி கிறுக்கல். மாட்யூல்ல செட்டிங்க ஞாபகம் வச்சுக்கிற குட்டி பேட்டரி எறங்கிப் போயி, அது பழைய 9600க்கே திரும்பிருச்சு. அதனால ப்ரோகிராம் ஆரம்பத்துலயே முதல்ல காம் போர்ட்ட 88என்1டின்னு ஓப்பன் பண்ணி இந்தக் கட்டளை எல்லாத்தையும் மாடல் 100ஏ அனுப்புற மாதிரி வச்சுட்டேன், வேகம் மாத்துற கட்டளை கடைசியா, அப்புறம் க்ளோஸ் பண்ணி 78என்1டின்னு மறுபடி ஓப்பன், 7ன்னா 4800. அப்ப தான் கேபிள்ல அந்த அனுப்புற ஒயரையும் போட்டது நல்லதா போச்சுன்னு தெரிஞ்சது. கேக்குறது மட்டும்தானேன்னு ஒத்த ஒயரோட விட்டுறாதீங்க.

அடுத்து ஓஎஸ் எர்ரர். கொஞ்ச நேரம் ஓடும், கேள்விக்குறி ஓஎஸ் எர்ரர்னு காட்டி நின்னுரும். ஆபரேட்டிங் சிஸ்டமே போச்சு, ராம் சிப்பு தான் அவுட்டுன்னு பயந்து போயி மிசின மறுபடி கழட்டி ஒவ்வொரு சிப்பா அமுக்கிப் பாத்தேன். மறுநாள் மாமா கிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறார். "அடப்பாவி மாப்ள, அது அவுட் ஆஃப் ஸ்ட்ரிங் ஸ்பேஸ்டா." இந்த பேசிக்ல எர்ரர் எல்லாம் ரெண்டெழுத்து தான். ஸ்ட்ரிங்குக்குன்னு, அதாவது எழுத்துச் சரத்த வச்சுக்கிறதுக்குன்னு, அது ஒதுக்குறதே 256 பைட், நான் எழுபது எழுத்து வரிய வாங்கி அதத் துண்டு துண்டா வெட்டி வேற வேற பேர்ல வச்சா எங்க பத்தும். முதல் வரில க்ளியர் 1000னு போட்டதும் சரியாச்சு. மேக்ஸ்ஃபைல்ஸ் 2ன்னும் சேத்துப் போடணும், இல்லன்னா காம் போர்ட்டையும் எழுதுற ஃபைலையும் ஒரே நேரத்துல ஓப்பன் பண்ண விடாது.

இதெல்லாம் முடிஞ்சு எடத்தக் காட்டுச்சு பாருங்க, 0955.2, 07808.8ன்னு. நான் உடனே நூறால வகுத்து 9.552, 78.088னு எடுத்து போன் மேப்புல அடிச்சேன். அண்ணா நகர்ல இருக்குற எங்க வீட்ட அருப்புக்கோட்டைக்கு வடக்க ஒரு அஞ்சு கிலோமீட்டர்ல பொட்டக்காட்டுல கொண்டு போயி வச்சுருச்சு. நாற்பது கிலோமீட்டர் தப்பு. மாட்யூல் டூப்ளிகேட்டுன்னு முடிவே பண்ணிட்டேன். மாமா அன்னைக்கு சாயங்காலம் வந்தவர் கண்ணாடிய நெத்திலருந்து எறக்கி ஸ்கிரீனப் பாத்து, யோசிக்கக்கூட இல்ல, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: "ஒம்பது டிகிரி, அம்பத்தஞ்சு பாயிண்ட் ரெண்டு மினிட் நார்த். எழுபத்தெட்டு டிகிரி, எட்டு பாயிண்ட் எட்டு மினிட் ஈஸ்ட். மதுரை தான, என்ன தப்பு?"

அதாவது அது தசமமே இல்ல. முதல் ரெண்டு இலக்கம் டிகிரி, லாங்கிடியூடுன்னா முதல் மூணு, மிச்சம் எல்லாம் மினிட். 55.2ஐ 60ஆல வகுத்தா 0.92, அப்ப 9.92, அதுதான் மதுரை. கப்பல்காரன் வாயில எப்படி சொல்வானோ அப்படியே எழுதி வச்சுருக்காங்க. மாமா இன்னொன்னும் சொன்னார், லாட்டிடியூடுல ஒரு மினிட்டுன்னா ஒரு நாட்டிகல் மைல், 1852 மீட்டர். புள்ளிக்கு அப்புறம் ரெண்டாவது இலக்கம் ஒன்னு மாறுனா பதினெட்டரை மீட்டர் நகந்துருக்கோம்னு அர்த்தம். இது தெரிஞ்சப்புறம் நான் டெசிமலுக்கு மாத்துற வரிகள ப்ரோகிராம்லருந்தே தூக்கிட்டேன். அப்படியே பாத்தாலே தெக்க வடக்க எவ்வளவு போயிருக்கோம்னு மனசுலயே கணக்கு வருது.

ஜிபிஎஸ் சொல்ற நேரம் யுடிசி, அதாவது ஜிஎம்டி மாதிரி, அதனால நேரத்துக்கு மட்டும் 5.30 மணி நேரம் கூட்டணும், சாயங்காலம் ஆறரை யுடிசிக்கு மேலன்னா தேதியையும் ஒன்னு தள்ளணும், இல்லன்னா நடு ராத்திரிக்கு அப்புறம் முந்துன நாள் தேதியே காட்டிக்கிட்டு நிக்கும். மாமா அதுவும் வேணாம்னார், கப்பல்ல எல்லாம் ஜிஎம்டி தானாம். இருக்கட்டும்னு நான் வச்சுக்கிட்டேன். நடுவுல ஃபிரண்டு ஒருத்தன் அவன்கிட்ட இருந்த பழைய கையடக்க ரிசீவரக் குடுத்தான், அதையும் மாட்டிப் பாத்தேன், எடம் அச்சு அசலா சரி, தேதி மட்டும் 2024 ஜூன் 16க்கு 2004 அக்டோபர் 31ன்னு காட்டுச்சு. ஜிபிஎஸ் வாரத்த 1024 வரைக்கும் தான் எண்ணும், அப்புறம் சைபர், 1999 ஆகஸ்ட்லயும் 2019 ஏப்ரல்லயும் அப்படித் திரும்புச்சு, பழைய ரிசீவருங்க அங்கயே மாட்டிக்கிட்டு நிக்குது. 7168 நாள் கூட்டுனா சரியாயிரும். இதுல மாடல் 100 மெனுல வருசத்துக்கு முன்னாடி 19னு நிரந்தரமா அச்சடிச்சே வச்சுட்டாங்க, 24ன்னு குடுத்தா 1924. ஒருத்தன் 2004, ஒருத்தன் 1924, நடுவுல நான்.

லாக் எழுதுறதுக்கு மொதல்ல டெல்காம்லயே எஃப்2 டவுன் அமுக்கி வர்றத எல்லாம் ஒரு ஃபைலுக்குள்ள போட விட்டேன். ப்ரோகிராமே வேண்டியதில்ல, ஆனா 32கே மிசின்ல காலியா இருக்குறதே 29638 பைட், செகண்டுக்கு எழுபது எழுத்துன்னா ஏழு நிமிசத்துல ரொம்பிரும். தெரு முக்கு தாண்டுறதுக்குள்ள முடிஞ்சுது. அதனால ப்ரோகிராம்ல நேரம், லாட்டிடியூட், லாங்கிடியூட் மட்டும், வரிக்கு 25 பைட், 15 செகண்டுக்கு ஒரு தடவை. ப்ரோகிராமுக்கு எடம் போக நாலரை மணி நேரம் தாங்கும்.

நாலரை மணி நேரத்துக்குள்ள போற மாதிரி எங்க போலாம்னு மாமாவ கேட்டேன். "தூத்துக்குடி போலாம் மாப்ள, ஹார்பர பாத்து நாளாச்சு." ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கார்ல கிளம்பிட்டோம், அத்தை பின்னாடி சீட்டுல சாப்பாட்டு தூக்கோட. டாஷ்போர்டு மேல ஆன்டெனா, மாமா மடில மாடல் 100. பின்லைட் இல்லாத ஸ்கிரீன்றது வெயில்ல ஒரு வரம், என் போன்ல ஒன்னும் தெரியல, அதுல பளிச்னு தெரியுது. மாமா பார்வைய எடுக்கவே இல்ல. ரோட்டுல எண்பதுல போகும்போது ஸ்கிரீன்ல 43ன்னு காட்டுது, ஆர்எம்சி வேகத்த "நாட்"ன்ற கப்பல் கணக்குல தான் சொல்லும். "நாப்பத்திமூணு நாட்! எங்க கப்பல் பதினாலு தொட்டாலே கேப்டன் சிரிச்ச மூஞ்சியா இருப்பார்"ன்னார்.

காரியாபட்டி தாண்டி கொஞ்ச தூரத்துல மாமா கைய தூக்குனார். "ஓரங்கட்டு ஓரங்கட்டு." என்னமோ ஏதோன்னு நிறுத்துனேன். ஸ்கிரீன என் பக்கம் திருப்புனார். 0933.1ன்னு நிக்குது. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, ஒரு ஆடு மேய்க்கிற பெரியவர் எங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறார்.

"எறங்கு மாப்ள, உங்க வீடு வந்துருச்சு."

அத்தைக்கு ஒன்னும் புரியல, நாங்க ரெண்டு பேரும் சிரிக்கிற சிரிப்புல அவங்களும் சிரிச்சாங்க. என் தப்புக் கணக்கு 9.552 டிகிரி, அத மினிட்டுல சொன்னா ஒம்பது டிகிரி முப்பத்திமூணு பாயிண்ட் ஒன்னு. மனுசன் அந்த நம்பர மனசுல வச்சுக்கிட்டே மதுரைலருந்து காத்துக்கிட்டு வந்துருக்கார்.

தூத்துக்குடி போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை தான் நின்னுச்சு, ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல செல் டப்பாவுல ஒரு செல் தூக்கிருச்சு, ரப்பர் பேண்ட் போட்டு சரி பண்ணோம். மெதுவாத்தான் போனோம், இருந்தும் லாக்ல எடம் மிச்சம் இருந்துச்சு. ஹார்பர் பக்கம் கடற்கரைல காத்து வாங்கிட்டு உக்காந்துருக்கும்போது மாமா சட்டைப் பைலருந்து ஒரு சின்ன டைரிய எடுத்து ஸ்கிரீனப் பாத்து எடத்த எழுதிக்கிட்டார், நேரத்துல மட்டும் அஞ்சரை மணிய கழிச்சு, ஜிஎம்டியா.

ராத்திரி வீட்டுக்கு வந்து யுஎஸ்பி சீரியல் ஒயர்ல லேப்டாப்புக்கு மாத்துனேன். அதுக்கு நல் மோடம் கேபிள் வேணும், ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டரா இருக்குறதால அனுப்புற ஒயரும் வாங்குற ஒயரும் குறுக்க போகணும், டெல்காம்ல எஃப்3 அப் குடுத்தா ஃபைல் போயிரும். மேப்புல போட்டுப் பாத்தா கோடு ரோட்டு மேலயே அழகா போகுது. அருப்புக்கோட்டைல ஒரு எடத்துல மட்டும் ஒரு எண்பது புள்ளி ஈ மொச்ச மாதிரி கிடக்கு, ஒன்னுக்கொன்னு பத்து பதினைஞ்சு மீட்டர் அங்கயும் இங்கயுமா. வண்டி அசையவே இல்ல. எண்பது புள்ளின்னா இருபது நிமிசம். மாமா ரெண்டாவது டீ சொன்ன கடை அது.